கெட்ட குமாரன் படம் போட்ட சனிக்கிழமை

எங்கள் வீட்டில் சினிமா பாவம். ஆனால் அந்தப் பாவத்துக்கான போஸ்டரை அச்சடித்துத்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது. அப்பா சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் மிஷின் ஓட்டினார். காலையில் ஏசுநாதர் காலண்டர் ஓடும். மத்தியானம் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் ஓடும். சாயங்காலம் ஏதோவொரு கதாநாயகன் கையில் அரிவாளோடு நாலு கலரில் வந்து விழுவார். எல்லாம் ஒரே மிஷின். கலர் சரியாக விழும்வரை பழைய தாள்களையே திரும்பத் திரும்ப விட்டுப் பார்ப்பார்கள். அப்படி ஒன்றின்மேல் ஒன்றாக அச்சாகி வீணான தாள்களை அப்பா வீட்டுக்குக் கொண்டுவருவார். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் புத்தகங்களுக்கு அட்டை போட்டது அந்தத் தாள்களில்தான். என் வேதப்புத்தகத்தின் அட்டையில் நல்ல மேய்ப்பரான ஏசு ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு சாந்தமாக நிற்பார். அவருடைய நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு கதாநாயகன் மோட்டார் சைக்கிளில் சீறிக்கொண்டு வெளியே வருவார்.

அந்த அட்டையைப் பார்த்து அத்தை ஒருநாள் விழுந்து விழுந்து சிரித்தார். வகுப்பில் எல்லோரும் பார்க்கும்படி அதைத் தூக்கிப் பிடித்து, "நம்ம ஊர்ல ரெண்டு பேரும் ஒரே மிஷின்லதான் வாராக. அப்புறம் ஒருத்தர வீட்டுக்குள்ள விட்டுட்டு ஒருத்தர வாசல்லயே நிப்பாட்டுனா எப்பிடி? உள்ள கூப்பிட்டு உக்காரவச்சு, என்னப்பா சொல்ல வந்தன்னு கேட்டுருவோம்" என்றார்.

அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கை. விருதுநகரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி வந்து பாஸ்டர் வீட்டில் தங்கி, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எங்களுக்கு வாலிபர் வகுப்பு எடுத்துவிட்டுத் திரும்பிப் போவார். சொந்த அண்ணன் வீடு இரண்டு தெரு தள்ளி இருக்கும்போது பாஸ்டர் வீட்டில் ஏன் தங்க வேண்டும் என்று கேட்கலாம். மூன்று வருடத்துக்கு முன்னால், நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள், அத்தை ஒரு பெட்டியோடு டெல்லிக்கு ரயில் ஏறிவிட்டார். அங்கே நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. அப்பா ஓவர்டைம் பார்த்துப் படிக்கவைத்த தங்கை. மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு பதில் சொன்னதும் அப்பாதான். அடுத்த வருடம் தாத்தா இறந்தார். அத்தை வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. பெட்டியும் கையுமாக வாசலில் நின்ற தங்கையிடம், "இப்ப எதுக்கு வந்த?" என்று அப்பா கேட்டார். அதோடு சரி. டெல்லி வேலையை விட்டுவிட்டு அத்தை விருதுநகருக்கே வந்து ஒரு வருடம் ஆகியும் அதற்கு அடுத்த வார்த்தை அப்பாவிடமிருந்து வரவில்லை.

பள்ளிக்கூடத்தில் நாங்கள் டூ விடுவோமே, அதுபோலத்தான் இதுவும் என்று நான் நினைத்தேன். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. அப்பா சபைக் கமிட்டியின் செயலாளர், அத்தை வகுப்பு ஆசிரியை. இரண்டு பேரும் பேசாமல் காரியம் நடக்காது. ஆகவே நடுவில் நான். "ஹால் சாவி வேணும்னா ஆறு மணிக்குள்ள வாங்கிக்கிடணும்னு ஒங்க அத்தைட்ட சொல்லு" என்பார் அப்பா. அத்தை பத்தடி தூரத்தில்தான் நிற்பார். நான் அந்தப் பத்தடியை நடந்து போய் அதையே ஒரு வார்த்தை குறையாமல் சொல்வேன். "சரின்னு சொல்லு" என்பார் அத்தை. திரும்பப் பத்தடி. இந்தப் பதவி எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அத்தை வருவதற்கு முன்னால் அந்த வகுப்புக்கு ஆறு பேர் வந்தால் அதிகம். மற்றவர்கள் வீட்டில் உட்கார்ந்து டிவியில் பாட்டு பார்ப்பார்கள். அத்தையின் முதல் வகுப்பில் பின்வரிசையில் இருந்த ஸ்டீபன் பெஞ்சில் தாளம் போட்டு ஒரு சினிமாப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தான். அவனுடைய அம்மா தினமும் கம்பெனி வேனில் விஸ்வநத்தத்துக்குப் போய் வெடி சுற்றுபவர். அடி விழப்போகிறது என்று நாங்கள் ஆவலோடு திரும்பினோம். அத்தை, "நல்லாத் தட்டுதியே. எந்திரிச்சு முழுசாப் பாடு" என்றார்.

அவன் பாடினான். மழையில் நனைந்துகொண்டே கதாநாயகன் பாடுகிற பாட்டு. நீ இல்லாவிட்டால் எனக்கு மூச்சு இல்லை, சூரியன் இல்லை, சோறு இறங்காது என்று போகும். முடிந்ததும் அத்தை நிதானமாகக் கேட்டார். "இம்புட்டையும் ஒரு பிள்ளைகிட்டயா கேக்கான்? மூச்சு, சூரியன், சோறு எல்லாத்தையும் அவளால குடுக்க முடியுமா?"

ஸ்டீபன் யோசித்துவிட்டு, "முடியாதுக்கா. அதான் ரெண்டாவது பாதில அழுதுருவாரு" என்றான்.

ஹாலே அதிரச் சிரித்தோம். அத்தையும் சிரித்தார். பிறகு, "அப்ப இம்புட்டையும் யாருகிட்ட கேக்கலாம்?" என்றார். பதில் எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆலயத்தில் எந்தக் கேள்வி கேட்டாலும் ஏசு என்று சொன்னால் பாதி மார்க் உறுதி. ஆனால் அன்றைக்கு அப்படிப் பட்டென்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. அத்தையும் சொல்லித்தரவில்லை. "வீட்டுக்குப் போய் யோசிங்க" என்று ஜெபம் பண்ணி அனுப்பிவிட்டார்.

அடுத்த மாதத்துக்குள் ஹாலில் உட்கார இடமில்லை. வாரம் ஒருவர் ஒரு பாட்டு கொண்டுவருவோம். குத்துப்பாட்டைக் கூட அத்தை விடவில்லை. "இம்புட்டு ஆட்டம் ஆடுதானே, இவனுக்கு உள்ளுக்குள்ள சந்தோசமா, சங்கடமா?" என்று கேட்டு எங்களை இரண்டு கட்சியாகப் பிரித்துச் சண்டை போட விடுவார். ஞாயிற்றுக்கிழமை எப்போது வரும் என்று எனக்குச் செவ்வாய்க்கிழமையே பரபரக்கும். கமிட்டியில் ஓரிருவர் முணுமுணுத்தார்களாம். ஏதாவது ஒரு புகார் கையில் கிடைத்தால் வகுப்பை நிறுத்திவிடலாம் என்று பேச்சு இருந்தது. நிறுத்துவதும் நடத்துவதும் செயலாளர் கையில்.

அந்த நேரத்தில்தான் ஸ்டீபன் முழுப் படமே போட்டுப் பேசலாமே என்று ஆரம்பித்தான். கை தூக்கிப் படத்தைத் தேர்ந்தெடுத்தோம். அப்பாவிடம் தன் பங்கைப் பிடுங்கிக்கொண்டு மெட்ராசுக்கு ஓடி, கண்டபடி சீரழிந்து, கடைசியில் வீடு திரும்புகிற ஒருவனின் கதை. நடுவில் ஐந்து பாட்டு, மூன்று சண்டை. "ஏசு சொன்ன கெட்ட குமாரன் கதைதான இது" என்று நான் சொன்னேன். அத்தை என்னைத் திரும்பிப் பார்த்து, "ஆமா. அதேதான்" என்றார். வகுப்பு முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஒங்கப்பாட்ட அனுமதி கேளு. படத்துப் பேரையும் சொல்லிக் கேளு. எதையும் மறைக்காத. அவுக வேண்டாம்னா வேண்டாம்."

பேரைச் சொல்லிக் கேட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? அந்தப் படத்தின் போஸ்டரை அச்சடித்ததே அப்பாதான். வீட்டுக்கு வருவதற்குள் வழி கண்டுபிடித்துவிட்டேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "வாலிபர் வகுப்புல கெட்ட குமாரன் படம் போடலாமான்னு அத்தை கேக்காக" என்றேன். பொய் என்று அதை யாரும் சொல்லிவிட முடியாது என்பதில் எனக்குப் பெரிய திருப்தி.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து என்கிற நோன்புக் காலம் நடந்துகொண்டிருந்தது. அந்த நாற்பது நாளில் ஏசுவின் வாழ்க்கைப் படத்தை ஆலய வளாகத்தில் திரை கட்டிக் காட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். அங்கி, தாடி, பாலைவனம், ஒட்டகம் என்று போகும். அப்பா அதை நினைத்துக்கொண்டார். "லெந்துக்கு ஏத்த படம்தான். அடுத்த வாரத்துச் சனிக்கிழமை சாயங்காலம் போட்டுக்கிடச் சொல்லு" என்றார்.

நான் பறந்து போய் அத்தையிடம் சொன்னேன். அத்தையால் நம்ப முடியவில்லை. "பேரச் சொன்னியா?" என்றார். சொன்னேன் என்றேன். "அண்ணனா சரின்னாக? ஒன் வாயால சொல்லு, அண்ணனா?" மூன்று தடவை கேட்டார். பஸ் ஏறப் போகும்போது என்னை இழுத்து நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு படம் பார்க்க அத்தைக்கு இவ்வளவு ஆசையா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தைக்கு டியூட்டி, வரவில்லை. ஆராதனையில் அப்பா எழுந்து நின்று அறிவிப்பு வாசித்தார். "லெந்து காலத்தை முன்னிட்டு வருகிற சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஆலய ஹாலில் கெட்ட குமாரன் திரைப்படம் காண்பிக்கப்படும். சபையார் அனைவரும் குடும்பமாக வந்து ஆசீர்வாதம் பெறும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." மூன்றாவது வரிசையிலிருந்து ஸ்டீபன் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தான். நான் சட்டென்று குனிந்து வேதப்புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தேன். அந்த வாரம் முழுவதும் விரல்விட்டு நாள் எண்ணினேன். பாதி பயம்தான். மீதிப் பாதி, சத்தியமாகச் சொல்கிறேன், படம் பார்க்கப்போகிற சந்தோஷம்.

சனிக்கிழமை மூன்றரைக்கே ஹால் நிறைந்துவிட்டது. பெரியவர்கள் வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சேலையுமாக வேதப்புத்தகத்தோடு வந்திருந்தார்கள். பாய் விரித்துப் பிள்ளைகளை உட்காரவைத்தார்கள். முன்னால் மேஜைமேல் பாஸ்டர் வீட்டு டிவியும், வாடகை விசிடி பிளேயரும். அத்தை பஸ் விட்டு இறங்கி நேராக வந்தார். கூட்டத்தைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏட்டி, இவுகள்லாம் எதுக்கு வந்திருக்காக?"

"அப்பா அறிவிப்புக் குடுத்தாக" என்றேன். அது மட்டும்தான் என் வாயில் வந்தது.

"அண்ணனே அறிவிப்புக் குடுத்தாகளா?" அத்தையின் கண் கலங்கிவிட்டது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அப்பாவை ஒரு தடவை பார்த்தார். பிறகு நிமிர்ந்து நடந்துபோய்ப் படத்தின் சிடியைப் பிளேயருக்குள் வைத்தார். பாஸ்டர் எழுந்து, இந்தப் படத்தைக் காண்கிற ஒவ்வொருவருடைய உள்ளமும் உடைய வேண்டும் என்று உருக்கமாக ஜெபித்தார். ஆமென் சொல்லிக் கண் திறந்தபோது டிவிக்குள் சிவப்புச் சட்டை போட்ட ஒருவர் ஓடுகிற ரயிலிலிருந்து குதித்து, பின்னால் நாற்பது பேரோடு ஆட ஆரம்பித்தார்.

முதல் பாட்டு முடிவதற்குள் பின்னாலிருந்து ஒரு தாத்தா கேட்டார். "ஏலே, இதுல கெட்ட குமாரன் எவன்?"

"இந்தா ஆடுதாருல்லா, அவருதான் தாத்தா" என்றான் ஸ்டீபன்.

"செரி. வேதத்துல இவன் மேய்ச்ச பன்னி எப்ப வரும்?"

அப்பா எழுந்தார். காது மடல் சிவந்திருந்தது. நேராக மேஜையிடம் வந்து, அத்தையைப் பார்க்காமல், பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார். "ஒங்க அத்தைட்ட கேளு, இந்தப் படத்துக்குத்தான் எங்கிட்ட அனுமதி கேட்டாகளான்னு."

நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. அத்தை என் முகத்தைப் பார்த்தார். ஒரு நொடியில் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. முகத்தில் இருந்த வெளிச்சம் அப்படியே இறங்கிப்போயிற்று. மாட்டிக்கொண்டேன் என்று நினைத்து நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இதுக்குத்தான்னு சொல்லு" என்று அத்தையின் குரல் கேட்டது. "தப்பு எம்மேலதான், வெவரமாச் சொல்லி அனுப்பியிருக்கணும். நிறுத்தணும்னா நிறுத்திருதேன்னு சொல்லு. வகுப்பையும்தான்."

அப்பாவின் கை சுவிட்சுக்குப் போனது. படம் நின்றால் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளும் நின்ற மாதிரிதான். அப்போது அந்தத் தாத்தா பொறுமையிழந்து, "செயலாளரே, செத்த ஒதுங்குங்க. மறைக்கிதுல்லா" என்றார். ஹால் முழுக்கச் சிரிப்பு. அப்பா கையை எடுத்தார். ஹாலைக் குறுக்காகக் கடந்து போய், வாசலுக்கு வெளியே தூணில் சாய்ந்து நின்றுகொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை எப்படிச் சொல்ல. முதல் சண்டையில் பெரியவர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். இரண்டாவது சண்டையில் "விடாதலே, விடாதலே" என்று ஒரு குரல் வந்தது. பார்த்தால் வசூல் நேரத்தில் காணிக்கைப் பை பிடிக்கிறவர். கதாநாயகன் எல்லாம் இழந்து ஓட்டலில் எச்சில் இலை எடுத்தபோது, "அந்தா, பன்னிக்குப் பதிலா இத வச்சிட்டான்" என்று தாத்தா எல்லோருக்கும் விளக்கினார். அவன் வீட்டுக்குத் திரும்பி வருகிற இடத்தில், படத்து அப்பா செருப்புக்கூடப் போடாமல் தெருவில் ஓடினார். பெண்கள் எல்லோரும் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். பாஸ்டர் ஜெபித்தது அப்படியே பலித்துவிட்டது. நான் ஆனந்தத்தில் மிதந்தேன். அப்பா வாசலில்தான் நின்றார். போகவும் இல்லை, வரவும் இல்லை.

படம் முடிந்து விளக்குகளைப் போட்டார்கள். அத்தை எழுந்து முன்னால் வந்தார். "ஏசு சொன்ன கதைக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? யாரு வேணும்னாலும் சொல்லலாம்."

பன்றி இல்லை என்றார் தாத்தா. கொழுத்த கன்றை அடித்து விருந்து வைக்கவில்லை என்றாள் ஒரு பெண். மோதிரம் போடவில்லை என்றார்கள். அங்கே பாட்டு கிடையாது என்று ஸ்டீபன் சொல்ல, ஆடல் பாடல் உண்டு என்று பாஸ்டரம்மா மறுத்தார். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அந்த ஹாலில் பெரியவர்களும் நாங்களும் அப்படிச் சேர்ந்து பேசி நான் பார்த்ததேயில்லை.

சத்தம் அடங்கியதும் அத்தை தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "இன்னொண்ணு இருக்கு. அந்தக் கதையில உள்ள ஒரு ஆளே இதுல இல்ல. யாரு?"

பெரியவர்கள் பலருக்கு அது தெரிந்திருக்கும் என்று இன்றைக்குத் தோன்றுகிறது. எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. பெஞ்சின்மேல் ஏறாத குறையாக எழுந்து கத்தினேன்.

"மூத்த மகன். வீட்டுலயே இருந்து ஒழைச்சவன். ஓடிப்போனவன் திரும்பி வந்துட்டான்னு கோவிச்சுக்கிட்டு, உள்ள வராம வெளியவே நின்னான்."

ஹால் முழுவதும் ஒருசேரத் திரும்பி வாசலைப் பார்த்தது. அப்பா தூணோரம் அப்படியே நின்றுகொண்டிருந்தார். இப்படி ஒரு மகளைப் பெற்றதற்காகத்தான் அவரை எல்லோரும் பார்க்கிறார்கள் என்று நினைத்து நானும் பெருமையாகத் திரும்பிப் பார்த்துச் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. குனிந்து தன் கால்களைப் பார்த்துக்கொண்டார்.

"அவன் உள்ள வந்தானாக்கா?" என்று கேட்டான் ஸ்டீபன்.

"சொல்லலடா" என்றார் அத்தை. "அவுக அப்பா வெளிய வந்து கூப்பிடுதாரு. அவன் வந்தானா இல்லையான்னு ஏசு சொல்லல. கதை அங்கனயே முடிஞ்சிருது."

அன்றைக்கு வீட்டில் என் தோலை உரிப்பார்கள் என்று காத்திருந்தேன். அப்பா சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார். மறுநாள் ஆராதனைக்கு முன்னாலேயே எழுந்து எங்கேயோ போய்விட்டு ஒரு பையோடு வந்தார். பையைத் திறந்த அம்மா திகைத்துப்போய், "லெந்து நாள்ல கறியா?" என்றார். அந்த நாற்பது நாளும் எங்கள் வீட்டில் முட்டைகூட உடைக்க மாட்டோம். அப்படிச் சட்டம் போட்டவரே அப்பாதான்.

"ஆமா, கறிதான். கூடுதலா ஒரு ஒலை வையி" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஒங்க அத்தைய மத்தியானம் சாப்பிட வரச் சொல்லு."

வகுப்பு முடிந்ததும் சொன்னேன். அத்தை என் தாடையைப் பிடித்து நிமிர்த்தினார். "இது அவுக சொன்னதா, நீயாச் சொல்லுதியா?" சத்தியம் பண்ணினேன். மறுபடியும் பண்ணச் சொன்னார். அதன் பிறகும் எங்கள் வீட்டு வாசற்படியில் வந்து நின்று, உள்ளே கால் வைக்காமல் இருந்தார். அப்பா உள்ளேயிருந்து எழுந்து வந்தார். இடையில் நான் நின்றேன், என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போகத் தயாராக.

அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. "வா. வெயில்ல நிக்காத" என்றார் அத்தையிடம்.

அத்தை சாப்பிட உட்கார்ந்தும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அப்பாவே கரண்டியை எடுத்துக் குழம்பு ஊற்றினார். இரண்டு பேர் கண்ணும் ஒரு மாதிரி இருந்தது. அம்மா அடுப்படிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. குழம்பில் காரம் அதிகமாகிவிட்டது என்று நான் முடிவுசெய்தேன். மற்றபடி அந்தக் கறி, முந்தின நாள் அத்தனை பேர் நடுவில் சரியான பதில் சொன்ன எனக்காக எடுத்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆகவே யாரையும் கேட்காமல் சட்டிக்குள் கையை விட்டு, இருந்ததிலேயே பெரிய நல்லி எலும்பை எடுத்து என் தட்டில் வைத்துக்கொண்டேன்.